இரண்டு ஆபீஸ், ஒரே ஆறு

2015 டிசம்பர் முதல் வாரம். ஈக்காட்டுத்தாங்கலில் தண்ணீர் வடிந்த மறுநாள், நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் போனேன். தரைத்தளத்தில் இருந்த சர்வரைச் சாய்த்ததும் குடத்தைக் கவிழ்த்த மாதிரி சேற்றுத் தண்ணீர் கொட்டியது. முதலாளி பதறவில்லை. "முடிச்சூர் கோடவுனுக்கு தினமும் ராத்திரி ஒரு காப்பி போகுது தம்பி, அதை எடுத்துக்கலாம்" என்றார். முடிச்சூருக்குப் போன் கிடைக்கவில்லை. அந்தக் காப்பி சேரும் நாஸ் பெட்டியும் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) மூழ்கிக் கிடந்தது அடுத்த நாள்தான் தெரிந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம். ஆனால் இரண்டுமே அடையாற்றை ஒட்டிய பகுதிகள்.

கடைசியில் கைகொடுத்தது ஆடிட்டர் ஆபீஸ். செப்டம்பர் வரைக்குமான டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டா அங்கே ஒரு பென்டிரைவில் இருந்தது. மீதி இரண்டு மாதக் கணக்கை நனைந்த பில்களைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். மொட்டை மாடியில் கொடி கட்டி, துணிக் கிளிப் மாட்டி வவுச்சர்களைக் காயப் போட்டிருந்தார்கள். மை கரைந்துபோன பில்களுக்கு வாடிக்கையாளர்களிடமே போன் போட்டுத் தொகை கேட்டார்கள். சில பேர் உண்மையைச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து, "எங்களுக்கு ரெண்டு இடத்துல பேக்கப் இருக்கு சார்" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த இரண்டுக்கும் பொதுவாக என்னென்ன இருக்கிறது? ஒரே ஆறா, ஒரே கட்டடமா, ஒரே பாஸ்வேர்டா, ஒரே ஆளா?

கட்டடம் என்று சொன்னதும் பலர் சிரிப்பார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதாக அழிந்தது. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டிய சிலருக்கும் டேட்டா திரும்பக் கிடைக்கவில்லை. அவர்களுடைய பேக்கப்பும் அதே இடத்தில்தான் இருந்தது. கிளவுடில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் மோசம். 2017 ஜூன் 27 அன்று, ஒரு கணினியில் திருடிய பாஸ்வேர்டை வைத்து அடுத்த கணினிக்கும் தாவக்கூடிய நாட்பெட்யா என்ற வைரஸ் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் புகுந்தது. யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அவர்களிடம் சுமார் 150 இருந்தன. உலகம் பூராவும் பல ஊர்களில் பரவி, ஒன்றையொன்று பார்த்து ஒத்திசைத்துக்கொண்டிருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பது கணக்கு. எல்லாம் ஒரே சமயத்தில் போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று, கானா நாட்டில். வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அந்த டேட்டாவை இணையத்தில் அனுப்பலாம் என்றால் அங்குள்ள வேகத்துக்குப் பல நாள் ஆகும். கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் ஹார்ட் டிஸ்கோடு நைஜீரியா வரை பறந்துபோய், விமான நிலையத்தில் இன்னொருவரிடம் கொடுத்து, அவர் லண்டன் கொண்டுபோனார். சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

நம் ஊர் நிறுவனங்களில் இதே கதை சின்ன அளவில் நடக்கிறது. சென்னை ஃபோல்டரும் கோவை ஃபோல்டரும் எந்நேரமும் ஒத்திசைந்துகொண்டே இருக்கும். அதையே பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கோவையில் ஒரு பையன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் சென்னையிலும் காணோம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் இப்படித்தான், பூட்டிய ஃபைல்கள் பத்திரமாக எல்லாக் கிளைக்கும் போய்ச் சேரும். அதனால் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கில் ஒட்டாமல், வேறு பாஸ்வேர்டோடு இருக்கவேண்டும். வாரம் ஒருமுறை காப்பி எடுத்து, ஒயரைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டுகிற ஹார்ட் டிஸ்கை யாரும் கேலி செய்யவேண்டாம்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அங்கே தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒருவருக்கு டேட்டா அத்தனையும் மும்பை கிளவுடில் பத்திரமாக இருந்தது. மதுரைக் கிளையிலிருந்து ரீஸ்டோர் செய்யலாம் என்று உட்கார்ந்தோம். லாகின் செய்தால் ஓடிபி முதலாளியின் போனுக்குப் போகிறது. முதலாளி மொட்டை மாடியில், டவர் இல்லாமல். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். இப்போது அவர்கள் ஓடிபி இல்லாமலேயே உள்ளே நுழைய உதவும் அவசர ரெக்கவரி கோடுகளை அச்சடித்து, ஒட்டிய உறையில் போட்டு மதுரையில் வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு நேரத்தில் திரும்ப எழ வேண்டும் என்பதை எங்கள் தொழிலில் ஆர்டிஓ என்போம், லைசென்ஸ் எடுக்கிற ஆர்டிஓ இல்லை. இதைப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் "ஒரு மணி நேரம்" என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். 4 டெராபைட் டேட்டாவை 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் இறக்க, முழு வேகம் கிடைத்தாலே மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுப்ப நினைக்காமல், பில் போடவும் சம்பளம் போடவும் தேவையான டேட்டாவைத் தனியே பிரித்து முதலில் மீட்கிற மாதிரி வைத்துக்கொண்டால், 2018 கல்யாண போட்டோவெல்லாம் பிறகு மெதுவாக வரட்டும். (கம்பெனி சர்வரில் அது கட்டாயம் இருக்கும்.)

பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஆகஸ்ட்டில் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகளின்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில், தினமும் எடுக்கப்பட வேண்டும். வாரம் ஒருமுறை எடுக்கும் அந்த பீரோ டிஸ்க் இதற்குப் போதாது, அது கூடுதல்தான்.

போன வருஷம் ஒரு வாடிக்கையாளரிடம் ஒத்திகை நடத்தினோம். இரண்டாம் சனிக்கிழமை, சென்னை சர்வரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கோவை மேனேஜரிடம் பேக்கப்பைக் கொடுத்து, "ஒரே ஒரு பில் போட்டுக் காட்டுங்கள்" என்றேன். சென்னைக்குப் போன் பண்ணக்கூடாது என்பது நிபந்தனை. பேக்கப் நன்றாகவே இருந்தது. ஆனால் கோவையில் இருந்த டேலி பழைய வெர்ஷன். புது வெர்ஷனில் எழுதிய டேட்டாவைத் திறக்க மறுத்தது. அப்டேட் செய்த பிறகு, டேட்டாவைப் பூட்டி வைக்கிற டேலி வால்ட் பாஸ்வேர்டு கேட்டது. அது சென்னையில் அக்கவுண்டன்ட் அம்மாவின் டைரியில் இருந்தது. தொலைந்தால் மீட்க வழியே இல்லாத பாஸ்வேர்டு அது. நிபந்தனையை மீறி மேனேஜர் போன் போட்டார். அந்தம்மா திருப்பதி வரிசையில் நின்றுகொண்டிருந்தார், போன் லாக்கரில்.

காலை 10 மணிக்கு ஆரம்பித்தது, முதல் பில் இரவு 8.40-க்கு வந்தது. அடுத்த ஒத்திகை ஜனவரியில். அதற்கு என்னைக் கூப்பிடாமலேயே அவர்களாக ஒயரைப் பிடுங்கிப் பார்க்கப்போவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்.