அசெம்பிளி: பொருத்துதலும் பொருத்தமும்

கார் விலை பேசுகிற இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "இது இங்கேயே அசெம்பிளி பண்ணினதா, வெளிநாட்டிலிருந்து முழுசா வந்ததா?" கேட்பது இடத்தைப் பற்றி, மனதில் ஓடுவது தரத்தைப் பற்றி. இரண்டையும் இந்த ஒரு சொல் எப்படிச் சுமக்கிறது என்று பார்ப்போம்.

வாகனத் தொழிலில் அசெம்பிளி என்றால், தனித்தனியாகச் செய்து வந்த பாகங்களைச் சேர்த்து முழு வண்டியாக்குவது. எஞ்சின் வார்ப்பது, கண்ணாடி செய்வது, டயர் செய்வது எல்லாம் இதில் சேராது. அவை வேறு ஆலையில், பல நேரம் வேறு நாட்டில் நடக்கும். பெரிய ஆலைகளில் தகடு வெல்டிங்கும் பெயிண்டும் அதே வளாகத்தில் இருப்பதால் அவற்றையும் சேர்த்தே அசெம்பிளி என்று சொல்லிவிடுவார்கள்.

சொல்லின் வேர் லத்தீன். 'சிமுல்' என்றால் ஒருசேர. அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் ஆட்கள் கூடுவதைத்தான் குறித்தது. அதனால்தான் கோட்டையில் எம்.எல்.ஏ.க்கள் கூடுவதற்கும் ஸ்ரீபெரும்புதூரில் கார் உருவாவதற்கும் ஒரே பெயர். கார் உலகில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியது ஃபோர்டு. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசையைக் கொண்டுவந்தார்கள்: வண்டி நகர்ந்து வரும், ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகத்தைச் சேர்ப்பார்கள். ஒரு சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், சேர்க்க 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடத்துக்கு இறங்கியது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'தொகுப்பு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. பாட்டுகளைத் தொகுக்கலாம், கட்டுரைகளைத் தொகுக்கலாம். தொகுத்தவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காராது. 'பூட்டுதல்' அருமையான பழைய சொல். ஏர் பூட்டினார்கள், வில்லில் நாண் பூட்டினார்கள். ஈழத்துப் பேச்சில் இன்றும் ஒரு மெக்கானிக் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவார். ஆனால் தமிழ்நாட்டில் "வண்டியைப் பூட்டு" என்றால் சாவியைத் தேடுவார்கள். 'கட்டுதல்' என்பதும் புழக்கத்தில் இருக்கிறது. கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிக்கு. நிறுவனம் தரும் சேஸியின் மேல் கூடு எழுப்புகிற வேலைக்கு அது கச்சிதமான சொல், காருக்குச் சரிவராது.

மிஞ்சுவது 'பொருத்துதல்'. நான் இதன் பக்கம்தான். திருந்து–திருத்து, வருந்து–வருத்து போல, பொருந்து–பொருத்து. தானாக நடப்பது பொருந்துவது, நாம் செய்வது பொருத்துவது. செய்து முடித்தபின் கிடைப்பது பொருத்தம். கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா, பானெட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, மழையில் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்ப்பது எல்லாமே பொருத்தம் பார்ப்பதுதான். (ஜாதகக்காரர்கள் மன்னிக்கவும்.) செயலுக்கும் அதன் தரத்துக்கும் ஒரே வேரிலிருந்து சொல் கிடைத்துவிடுகிறது. பொருத்து ஆலை, பொருத்து வரிசை என்று சொல்வதும் எளிது.

சரி, நாடு மாறினால் பொருத்தம் மாறுமா?

நாட்டின் பெயரைப் பொருளின் மேல் எழுதும் வழக்கத்துக்கே ஒரு கதை உண்டு. 1887இல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. தன் ஷெஃபீல்டு நகரக் கத்திகளைப் போலச் செய்து விற்ற ஜெர்மானிய மலிவுச் சரக்கை மக்கள் அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும் என்பது நோக்கம். 'மேட் இன் ஜெர்மனி' அப்படி இழிவுக்காகப் பிறந்த முத்திரை. சில பத்தாண்டுகளில் அதுவே உயர்தர முத்திரையாகிவிட்டது. மண் அதே மண்தான், ஆலைகள் வேலை செய்த விதம் மாறியது.

இதைவிடத் தெளிவான சாட்சி கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருக்கும் ஒரே ஒரு கட்டடம். ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே கார் செய்துகொண்டிருந்தது. பலர் அடிக்கடி வேலைக்கு வரமாட்டார்கள், வந்தவர்களில் சிலர் குடித்திருப்பார்கள், கோளாறோடு வண்டி வந்தாலும் வரிசையை நிறுத்தக் கூடாது என்பது விதி. 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து நம்மி என்ற பெயரில் திறந்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, தொழிற்சங்கமும் பழையதே. பலரை ஜப்பானில் டகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தும் உரிமை ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே அங்கே வந்த வண்டிகளின் தரம் டகாவோகாவை நெருங்கிவிட்டது. அதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையில் கொண்டுவரப் பார்த்தது. தொழிலாளரும் மேலாளரும் ஒத்துவரவில்லை, 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது.

ஃப்ரீமாண்ட் கதை அங்கே முடியவில்லை. 2010இல் நம்மி மூடப்பட்டு, கட்டடம் டெஸ்லாவுக்குப் போனது. 2018இல் மாடல் 3 உற்பத்தியை விரட்டிக் கூட்ட, வளாகத்திலேயே கூடாரம் போட்டு ஒரு வரிசை அமைத்தார்கள். அந்தக் காலத்து வண்டிகளின் தகடு இடைவெளிகள் ஊரெல்லாம் கேலிக்கு ஆளாயின. பிறகு அதே மாடல் ஷாங்காய் ஆலையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனபோது, சீனாவில் பொருத்தியதே மேல் என்று பலர் சொன்னார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பொருத்தம் வேறு, அம்சம் வேறு. 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்தபோது, புணே அருகே சாகனில் செய்த ஃபோக்ஸ்வாகன் போலோ பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் வாங்கியது. முன்னால் இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. ஒரே ஆலை, ஒரே ஆட்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தது விற்பனைக் கணக்கு. 'இந்திய அசெம்பிளி அப்படித்தான்' என்று பழிப்பவர்கள் பல நேரம் திட்டுவது இந்தக் கணக்கைத்தான். மறைமலைநகரில் பொருத்திய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் அமெரிக்கா வரை போய் விற்றது, அந்தச் சந்தைக்கு வேண்டிய அம்சங்களோடு.

அதற்காக இடம் எதையுமே தீர்மானிக்காது என்று சொல்லவரவில்லை. புதிதாகத் தொடங்கிய ஆலையில் முதல் சில மாத வண்டிகள் எந்த நாட்டிலும் கொஞ்சம் சந்தேகத்துக்கு உரியவை. சுற்றிலும் பாகம் செய்து தருகிறவர்கள் பழகும்வரை ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் கிளிப் போன்ற சில்லறைகளில்தான் வேறுபாடு முதலில் தெரியும்.

உங்கள் வண்டியை அறிய, ஆர்.சி. புக்கில் உள்ள 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் நம்பரைப் பாருங்கள். 'ஜே' என்று தொடங்கினால் ஜப்பான், 'டபிள்யூ' என்றால் ஜெர்மனி, இந்தியக் கார்கள் பெரும்பாலும் 'எம்.ஏ.' என்று தொடங்கும். சில நிறுவனங்கள் தாய்நாட்டுக் குறியையே எங்கும் போடுவதால் முதல் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். 11ஆவது இடம் பெரும்பாலும் ஆலையைக் காட்டும்.

கடைசியாக, இதோடு ஒட்டிவரும் மூன்று சுருக்கங்கள். முழு வண்டியாகவே கப்பலில் வருவது சி.பி.யூ., இதை முழுப்பொருத்து வண்டி எனலாம். பாதி சேர்த்து வருவது எஸ்.கே.டி., அரைப்பொருத்து. பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்து இங்கே வண்டியாவது சி.கே.டி. இறக்குமதி வரி இதற்குக் குறைவு என்பதால்தான் செங்கல்பட்டு அருகே 2007இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ ஆலை போன்றவை இந்த வழியைப் பிடித்தன. சி.கே.டி. என்பது ஆங்கிலத்தில் 'முழுக்கக் கழற்றியது' என்று பொருள்பட்டாலும் அந்தப் பாகங்கள் பொதுவாக அதற்கு முன் ஒன்றாக இருந்ததே இல்லை. ஆகவே 'கழற்று' என்ற சொல்லை விட்டுவிட்டு 'பொருத்தாத் தொகுதி' என்று எழுதுவதே சரி.