வீடு கூடுவாஞ்சேரியில், பள்ளிக்கூடம் கே.கே. நகரில்

வீட்டுக்கடன் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் சம்பளச் சீட்டைக் கேட்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தை காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது?" சிலர் சிரிப்பார்கள். சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. ஓய்வுபெற்று வீட்டிலிருந்தே ஆலோசனை சொல்லத் தொடங்கிய பிறகு வந்த ஒரு தம்பதிதான் கேட்க வைத்தார்கள். கணவருக்குச் சென்னை கிண்டியில் வேலை, மனைவிக்கு அசோக் நகரில். மகள் கே.கே. நகரில் எல்.கே.ஜி. பாட்டி வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, கஷ்டப்பட்டு வாங்கிய சீட். அதே வருடம் நகரத்துக்கு வெளியே கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கினார்கள். கே.கே. நகரில் அதே பணத்துக்கு ஒரு படுக்கையறைகூடக் கிடைக்காது என்பது அவர்கள் சொன்ன நியாயம். உண்மைதான்.

வேன் காலை 6.15-க்கு வரும். குழந்தை பாதித் தூக்கத்தில் ஏறி, பெருங்களத்தூர் நெரிசலில் இட்லி சாப்பிடும். மதியம் பாட்டி வீடு, இரவு எட்டு மணிக்கு அப்பாவோடு மின்சார ரயில். ஒன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் அம்மா வேலையை விட்டுவிட்டார். என்னிடம் வந்தபோது அவர்கள் கேட்டது பள்ளியைப் பற்றி அல்ல. "இஎம்ஐயைக் கொஞ்சம் குறைக்க வழி இருக்கா சார்?"

இரண்டு சம்பளத்தைக் காட்டி வாங்கிய கடன் அது. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஒரு சம்பளத்தைத் தின்றுவிட்டது. கடன் கணக்கில் வேன் கட்டணத்தை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் வேலை போகும் என்று எழுதியவர் யாரும் இல்லை. பெரும்பாலும் போவது அம்மாவின் வேலைதான், அப்பாவுடையது அல்ல.

"பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாமே" என்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். முதல் மாதத் தவணையில் 35,400-க்கு மேல் வட்டி. அசலில் கழிவது எட்டாயிரத்துக்கும் குறைவு. ஐந்து வருடத்தில் 26 லட்சம் கட்டியிருப்பீர்கள், பாக்கி இன்னும் 44 லட்சம் நிற்கும். குழந்தை எல்.கே.ஜி.யிலிருந்து மூன்றாம் வகுப்பு முடிக்கிற காலம் அது. பிறகு பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட்டை வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீடு மாற்றுவது சட்டை மாற்றுவது அல்ல.

அதனால்தான் முதல் குழந்தை ஐந்தாம் வகுப்பைத் தாண்டும்வரை பள்ளிக்கு நடந்துபோகும் தூரத்தில் வாடகைக்கு இருங்கள் என்கிறேன். உடனே மாமியார் குரல் கேட்கும்: "வாடகை தண்ணியில போடற காசு." முதல் ஐந்து வருட வட்டி மட்டும் எங்கே போகிறதாம்? ஆனால் வாடகைக்கும் தலைவலி உண்டு. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வீட்டுக்காரர் "பையன் அமெரிக்காவிலிருந்து வர்றான், காலி பண்ணுங்க" என்பார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. பதினோரு மாதம் என்று பழக்கதோஷத்தில் எழுதாமல் மூன்று வருடத்துக்குக் கேளுங்கள், வருடாந்தர உயர்வையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சென்னையில் இதைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் நம்மை வினோதமாகப் பார்ப்பார்கள். இருந்தாலும் சொல்லிப் பாருங்கள், பத்து மாத முன்பணம் ஆறு மாதமாகக் குறையும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். அம்பத்தூரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகனுக்கு அப்படி இடம் கிடைத்தது. எட்டாம் வகுப்புவரை கல்விக் கட்டணக் கவலை இல்லை. இரண்டாம் வருடம் வாடகை ஏறியது, குடும்பம் திருநின்றவூருக்குப் போனது. வேன் கட்டணத்தை எந்தச் சட்டமும் ஏற்காது. தினமும் அவரே மகனை ஆட்டோவில் கொண்டுவந்து விடுகிறார். காலைச் சவாரிதான் நல்ல காசு பார்க்கும் நேரம், அது போகிறது. பள்ளியை விடவும் மனமில்லை. அவருக்கு நான் உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. இடம் கிடைப்பதற்காகப் போலி வாடகை ஒப்பந்தம் தயாரிக்கிறவர்களும் உண்டு. பிடிபட்டால் குழந்தையின் இடம்தான் முதலில் போகும்.

பக்கத்து மாநகராட்சிப் பள்ளியைப் பற்றி என்னிடம் வருகிறவர்கள் பேசுவதே இல்லை. நானும் என் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை, அதனால் உபதேசம் செய்ய எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு கணக்கைச் சொல்லலாம். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடியும்போது பள்ளியையும் வீட்டையும் சேர்த்து மறுபடி யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. வீடு வாங்குவதை அதுவரை தள்ளிப்போட்டவர்களுக்கு அப்போது கை கட்டப்பட்டிருக்காது.

கூடுவாஞ்சேரித் தம்பதி கடன் காலத்தை நீட்டிக்கவில்லை. ஃபிளாட்டை 13,000-க்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கே.கே. நகரில் 22,000-க்கு ஒரு பழைய மாடி வீட்டுக்கு வந்தார்கள். கையிலிருந்து ஒன்பதாயிரம் கூடுதல். அம்மா மறுபடி வேலைக்குப் போகிறார், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில். சொந்த வீடு இருக்கும்போது வாடகை வீட்டில் இருப்பதா என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இன்னமும் கேட்கிறார்களாம். மகள் ஏழு மணிக்கு எழுந்திருக்கிறாள்.