கொள்முதல் சக்தியா, வாங்கும் திறனா?

"மக்களின் கொள்முதல் சக்தி குறைந்துவிட்டது" என்று நேற்றிரவுச் செய்தியில் மறுபடியும் வாசித்தார்கள். இந்த வாரத்தில் மூன்றாம் முறை. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

Purchasing power என்ற ஆங்கிலத் தொடரைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள்; வாங்கும் திறன் என்றாலே போதும். அதன் பொருள் எளிதுதான். கையிலுள்ள பணத்துக்கு எவ்வளவு பொருள் வரும் என்பதே அந்தப் பணத்தின் வாங்கும் திறன். விலை இரட்டித்தால் திறன் பாதியாகும். விலை 10 சதவீதம் ஏறினால் திறன் சுமார் 9 சதவீதம் இறங்கும். மக்களின் வாங்கும் திறன் என்னும்போது வருமானமும் கணக்கில் சேரும்: சம்பளம் 5 சதவீதம் உயர்ந்து விலைவாசி 6 சதவீதம் உயர்ந்தால், கூடுதல் சம்பளம் வாங்கியும் வீட்டுக்கு வரும் பொருள் குறைவு.

இதில் கொள்முதலுக்கு என்ன வேலை? கொள் என்றால் விலைக்கு வாங்கு. முதல் என்பது அதற்குப் போட்ட பணம். "கொள்முதலுக்கே கட்டுப்படியாகவில்லை" என்று கடைக்காரர் சொல்வது அந்தப் பொருளில்தான். பிறகு அது மொத்தமாக வாங்குவதைக் குறித்தது: நெல் கொள்முதல் நிலையம், பால் கொள்முதல் விலை. கால் கிலோ தக்காளி வாங்குகிறவர் எவரும் கொள்முதல் செய்வதில்லை. கொள்முதல் சக்தி குறைந்தது என்று கேட்கும் விவசாயி, அரசு இந்த ஆண்டு நெல்லைக் குறைவாக எடுக்கப்போகிறது என்றல்லவா பதறுவார்? இலங்கையில் கொள்வனவுச் சக்தி என்கிறார்கள். அங்கே கொள்வனவு என்பது வாங்குவதற்கு வழங்கும் சொல், அதில் குறையில்லை. கொள்திறன் என்று சுருக்குவோரும் உண்டு. அது பாத்திரத்தில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கான சொல்.

சக்தி வடசொல் என்பதை நான் பெரிதாக்கவில்லை, திறன் இருக்கும்போது அது தேவையில்லை என்றாலும். என் கோபம் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பின் மீதுதான். தமிழில் விலை சொல்லும் பழைய முறையே பணத்தின் திறனைச் சொல்வது. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்று 1967 தேர்தலில் தி.மு.க. வாக்குக் கேட்டதை நினைத்துப் பாருங்கள். ரூபாய் அசையாமல் நிற்கிறது. அதற்கு வரும் படிதான் கூடும், குறையும். ஒரு படி என்ன விலை என்று கேட்கும் பழக்கத்தில் இந்தப் பார்வையை இழந்துவிட்டோம்.

பூக்காரர்கள் இழக்கவில்லை. போன ஆடியில் ஐம்பது ரூபாய்க்கு இரண்டு முழம் அளந்து தந்த எங்கள் தெருமுனை அம்மாள், இன்று அதே தாளை வாங்கிக்கொண்டு முழங்கையில் ஒருமுறை அளந்து நறுக்கினார். "ஐம்பதுக்கு இவ்வளவுதான் வரும்" என்றார்.