தாடையில் விழும் குத்தும் தலைக்குள் திரும்பும் மூளையும்

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடியில் நடக்கும் கிக் பாக்ஸிங் வகுப்பில், 16 வயதுப் பையன் ஒருவன் ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையின்போது தாடையின் பக்கவாட்டில் ஒரு குத்து வாங்கினான். தலைக்கவசம் அணிந்திருந்தான், கீழே விழவில்லை, ரத்தமும் வரவில்லை. மீதி நேரத்தையும் ஆடி முடித்தான். “நல்லா தாங்குதாம்ல!” என்று சுற்றி நின்றவர்கள் மெச்சினார்கள், நானும் மெச்சினேன். பிறகு கிளவுஸைக் கழற்றிவிடும்படி இரு கைகளையும் என்னிடம் நீட்டியவன், “அண்ணே, எத்தன ரவுண்டு ஆச்சு?” என்று கேட்டான். மூன்று என்றேன். ஒரு கையைக் கழற்றி முடிப்பதற்குள் அதையே மறுபடி கேட்டான். மற்றக் கையைக் கழற்றும்போது மூன்றாம் முறையாகக் கேட்டான்.

மருத்துவத்தில் இதற்குக் கன்கஷன் என்று பெயர். தமிழில் மூளை அதிர்ச்சி என்கிறோம். மயங்கி விழுந்தால்தான் மூளையில் அடி என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. உண்மையில், இந்தக் காயம் அடைபவர்களில் பெரும்பாலோர் நினைவு இழப்பதே இல்லை. சி.டி. ஸ்கேனிலும் வழக்கமாக எதுவும் தெரியாது. எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும் அந்தக் கருவிக்கு, நரம்பு இழைகளின் அளவில் நடக்கும் சேதம் எட்டுவதில்லை.

அந்தச் சேதம் எப்படி நேர்கிறது? ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் ஒரு நீர்மத்தில் மிதப்பதால், தன் அடிப்பகுதியை அழுத்தும் எடை 50 கிராம் அளவுக்குக் குறைந்து, தன் பாரத்தாலேயே நசுங்காமல் தப்புகிறது. மென்மையில் அதை நுங்கோடு ஒப்பிடலாம். பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் தோல் உரித்த நுங்கைப் போட்டு, காற்றுக்குமிழி இல்லாதபடி விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். பாட்டிலை மேசைமீது நேராகத் தள்ளினால், உள்ளிருப்பதும் ஏறக்குறைய அதனுடனேயே நகரும். சட்டென்று திருகிப் பாருங்கள்: கண்ணாடி திரும்பிவிடும், நுங்கு திரும்பாமல் பின்தங்கும். ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோல்போர்ன், 1943இல் ஜெலட்டினால் செய்த மூளை மாதிரிகளை வைத்து எடுத்துக்காட்டியதும் இதைத்தான். தலை நேராகத் தள்ளப்படுவதைவிட வேகமாகத் திருப்பப்படும்போதுதான், மூளையின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இழுபடுகின்றன.

தாடையில் விழும் குத்து ஏன் ஆளைச் சாய்க்கிறது என்பது இப்போது விளங்கும். கழுத்துதான் தலை திரும்பும் அச்சு. தாடையின் நுனி அந்த அச்சிலிருந்து தள்ளி இருக்கிறது. நீண்ட கம்பின் நுனியைத் தட்டினால் சிறு விசையிலேயே கம்பு முழுதும் சுழல்வதுபோல, பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் ஹூக் குத்து தலையை அச்சோடு திருப்பிவிடுகிறது. அடி வருவதைப் பார்த்தவன் கழுத்தை இறுக்கிக்கொள்வான். அப்போது தலையுடன் உடலின் பாரமும் சேர்ந்து அந்த விசையை ஏற்கிறது. பார்க்காதவனுக்கும், கடைசி ரவுண்டில் களைத்துப்போனவனுக்கும், கழுத்துத் தசை வலுப்பெறாத சிறுவர்களுக்கும் அந்தக் காப்பு கிடைப்பதில்லை.

இழுபட்ட நரம்பு இழைகளில் அடுத்து நடப்பது வேதியியல். உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. வெளியே நிற்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிசெய்ய உயிரணுக்கள் வழக்கத்தைவிடக் கூடுதலான ஆற்றலைக் கேட்கின்றன. அதே வேளையில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. இந்தப் பற்றாக்குறை சில நாட்களிலிருந்து சில வாரங்கள்வரை நீடிக்கும். அதற்குள் விழும் இரண்டாவது அடி, முதல் அடியைவிட லேசானதாக இருந்தாலும், கூடுதல் கேட்டைச் செய்யும். அரிதாக, இளவயதினருக்கு மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிரே போயிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, அடிபட்டவனை அன்று மறுபடி களத்தில் இறக்கக்கூடாது. “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வால” என்று சொல்லி அனுப்பவே கூடாது.

தலைக்கவசம் இருக்கிறதே என்பார்கள். அது தோல் கிழிவதைக் குறைக்கும். தலை திரும்புவதைத் தடுப்பதில் அதன் பங்கு மிகச் சிறிது. சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013இல் ஆண்களுக்குத் தலைக்கவசத்தையே விலக்கினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். அந்த முடிவைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. என் கவலை வேறு: கவசம் மாட்டியதும் பையன்கள் துணிந்து ஓங்கி அடிக்கிறார்கள், பெற்றோரும் மாஸ்டரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். தொட்டால் புள்ளி என்று ஆடும் சிலம்பத்தையும், அடிபட்டால் ஆபத்தான உடற்புள்ளிகளைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணிவைத்து, நம்பிக்கை பிறந்த பிறகே மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்த நம் தென்பாண்டி ஆசான்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரே அடியைவிட, ஆண்டுக்கணக்கில் சேரும் சிற்றடிகள் தனியொரு ஆபத்து. குத்துச்சண்டை வீரர்களிடம் நடைத் தடுமாற்றமும் பேச்சுக் குழறலும் மனக்குழப்பமும் தோன்றுவதை அமெரிக்க மருத்துவர் மார்ட்லேண்ட் 1928இலேயே எழுதினார். பின்னாளில் இறந்த வீரர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, டௌ என்ற புரதம் முடிச்சுமுடிச்சாகத் திரண்டிருப்பது தெரிந்தது. அந்த நோயை இன்றும் இறப்புக்குப் பிந்தைய ஆய்வில்தான் உறுதிசெய்ய முடிகிறது.

அன்று அந்தப் பையனைச் சைக்கிள் மிதிக்க விடாமல், என் வண்டியின் பின்னால் உட்காரவைத்துச் சமாதானபுரத்தில் உள்ள அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாதபடி உறங்கினாலோ, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ, நேரம் பார்க்காமல் 108ஐ அழைத்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே பாலம்போல் ஓடும் சிரைகள் கிழிந்தால், ரத்தம் சில மணி நேரம் கழித்துக்கூட அழுத்தத் தொடங்கலாம். நல்லவேளையாக அப்படி எதுவும் நேரவில்லை. முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு ஆள் இல்லாமல் அசைவுப் பயிற்சி, பிறகு மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்துவது என்று, ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள் தங்கித்தான் ஏற வேண்டும். அறிகுறி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். அவனுக்குப் பத்து நாள்வரை கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே தலை சுற்றியது. மருத்துவர் சம்மதித்து அவன் மறுபடி கிளவுஸ் மாட்டியபோது ஐந்தாவது வாரம் ஆகியிருந்தது.