பலாப்பாலும் ஸ்டிக்கர் பசையும்

மியான்மரின் யாங்கூனில் ஓடும் பழைய வேன்கள் பலவற்றின் மேல் ஜப்பானிய எழுத்து இன்னும் அழியாமல் இருக்கும். ஜப்பானில் ஏதோ கடைக்கோ பள்ளிக்கோ ஓடிவிட்டுக் கப்பலேறி இங்கே வந்த வண்டிகள். மாமாவும் அப்படி ஒன்று வாங்கினார். பக்கக் கதவில் இருந்த ஸ்டிக்கர் எழுத்துகளை உரித்தோம். தாள் வந்துவிட்டது, பழுப்பேறிய பசை வரவில்லை. ஒர்க்‌ஷாப் பையன் தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தான். முதல் எழுத்தின் பசை போனது. கூடவே பளபளப்பும் போய், உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு விழுந்தது. அத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

மிச்சத்துக்கு வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. பலாப்பழம் அரியும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். பலாப்பால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது, எண்ணெய்க்குப் போய்விடும். இனம் இனத்தோடு சேரும் என்பது மூலக்கூறுகளுக்கும் பொருந்தும். ஸ்டிக்கர் பசை என்பது ரப்பர் அல்லது அக்ரிலிக்கின் நீண்ட சங்கிலிகள், சிக்கிய நூற்கண்டுபோல் பின்னிக் கிடப்பவை. மண்ணெண்ணெயும் எண்ணெய் இனம்தான், அந்தச் சிக்கலுக்குள் புகுந்து இழைகளை விலக்குகிறது.

பெயிண்டின் மேல் கண்ணாடிபோல் இருக்கும் க்ளியர் கோட்டும் இதே மாதிரிச் சங்கிலிகள்தான். ஆனால் அங்கே இழைக்கு இழை முடிச்சு, மீன்வலைபோல. மண்ணெண்ணெய் கொஞ்ச நேரம் பட்டால் அந்த வலைக்கு ஒன்றும் ஆகாது. தின்னர் உள்ளே புகுந்து வலையையே உப்ப வைக்கும். அப்போது தேய்த்தால் மேற்பரப்பு இழுபட்டு மங்கிப்போகும். க்ளியர் கோட்டின் தடிமன் சுமார் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. மறுபடி பெயிண்ட் அடித்த வண்டிகளில் சிலவற்றுக்கு இந்த முடிச்சுகூட இருக்காது. ஆகவே முதலில் கதவின் உள்விளிம்பில் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தத் திரவம் வேண்டாம்.

பல வருட வெயிலில் பசைக்குள்ளும் முடிச்சு விழுந்துவிடுகிறது. அது கரையாது, ஊறும். அதனால் பலத்தைவிட நேரம்தான் முக்கியம். வண்டியை நிழலில் நிறுத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பசைமேல் ஒட்டினாற்போல் விரித்து, ஆவியாகாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, பத்து நிமிடம் விட்டோம். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது. எடுத்துப் பார்த்தபோது பசை வெளுத்து உப்பியிருந்தது. பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் தள்ளினேன், அழுக்கு உருண்டைகளாகத் திரண்டு வந்தது. பிறகு ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினோம்.

சூப்பர் க்ளூ சிந்தியிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அதைக் கரைக்கும் அசிட்டோன் பெயிண்டையும் தாக்கும். பாலிஷ் போடுபவரிடம் விடுவதே நல்லது.

பசை முழுதும் போன பிறகும் கதவில் எழுத்து தெரிந்தது. மறுபடி ஊறவைக்கப் போன மாமாவைத் தடுத்தேன். அது பசையல்ல, வெயிலே படாத பெயிண்ட். சுற்றிலும் நிறம் மங்க, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த இடம் மட்டும் புதுசாக நின்றுவிட்டது. பாலிஷ் போட்டதில் பாதி மறைந்தது. 1970-இலிருந்து இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஜப்பான் வேனின் பக்கக் கதவோ இடப்பக்கம். எதிரே வருகிறவர்கள் கண்ணில் அந்த எழுத்து இன்னும் படுகிறது.