பார்சிங் – சொல் விளக்கம்: கர்னலுக்குள் வரும் எண்ணைப் பகுத்தெடுத்தல்

பார்சிங்: பெயர்ச்சொல். வினையாக வரும்போது பார்ஸ் செய்தல். அதைச் செய்யும் நிரல்பகுதி பார்சர். தமிழில் பகுத்தெடுத்தல், பகுப்பி.

எழுத்து எழுத்தாக வந்து சேரும் ஓர் உரையை, முன்பே வகுத்த இலக்கணத்தின்படி உறுப்புகளாகப் பிரித்து, எந்த எழுத்தும் மிஞ்சாமல் ஒவ்வொன்றுக்கும் இடம் சொல்லி, அந்த உரை குறிக்கும் மதிப்பை எடுப்பதுதான் பார்சிங். இந்த வரையறையில் பலரும் கோட்டை விடுவது "எந்த எழுத்தும் மிஞ்சாமல்" என்ற இடத்தில். சாதாரணச் செயலியில் அதை விட்டால் அந்தச் செயலி மட்டும் தவறான விடை தரும். கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையக்கருவில், விட்டால், யாரோ ஒரு பயனர் அனுப்பிய நாலு எழுத்து இயந்திரத்தின் நினைவகத்தையே கலைத்துவிடக்கூடும்.

சொல்லின் வேர் லத்தீன். 'பார்ஸ்' என்றால் பகுதி. லத்தீன் இலக்கண வகுப்பில் ஒவ்வொரு சொல்லையும் காட்டி "குவே பார்ஸ் ஒராட்சியோனிஸ்?", அதாவது "இது பேச்சின் எந்தப் பகுதி?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வினைச்சொல் பிறந்தது. கணினி மொழிகளும் கம்பைலர்களும் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவிகள்) வந்தபின் சொல் அங்கிருந்து நிரலுலகுக்குக் குடிபெயர்ந்தது.

தமிழ் வகுப்பறைக்கும் இந்தப் பயிற்சி புதிதல்ல. நன்னூல் சொல்லும் பகுபத உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். 'நடந்தனன்' என்பதைப் பிரித்தால் நட என்பது பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. ஓர் எழுத்துக்குப் பெயர் சொல்லாமல் விட்டாலும் மதிப்பெண் போய்விடும். கர்னலில் எண்ணைப் பார்ஸ் செய்வதற்கும் இதே கறார் வேண்டும்.

லினக்ஸில் ஒரு நிஜமான இடத்தை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தை மாற்ற, சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) உள்ள 'பிரைட்னெஸ்' என்ற கோப்பில் எண்ணை எழுதலாம். டெர்மினலில் 'எக்கோ 128' என்று அந்தக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் கர்னலுக்குப் போவது 128 என்ற எண் அல்ல. 49, 50, 56, 10 என்ற நான்கு பைட்டுகள். முதல் மூன்றும் '1', '2', '8' என்ற எழுத்துகளின் ஆஸ்கி குறியீடுகள். நான்காவது, 'எக்கோ' தானாகச் சேர்க்கும் புதுவரிக் குறி. இந்த நான்கிலிருந்து எண்ணை எடுப்பது கர்னலின் வேலை.

பழைய நிரல்களில் இதற்கு 'சிம்பிள்-ஸ்ட்ர்-டு-யுஎல்' என்ற சார்பு (ஃபங்ஷன்) இருந்தது. பெயரில் மட்டும்தான் அது எளிமை. இலக்கம் அல்லாத எழுத்து வந்ததும் நின்றுவிடும். நின்ற இடம்வரை சேர்ந்ததைத் தந்துவிடும். '12ஏபிசி' கொடுத்தால் 12. 'வணக்கம்' கொடுத்தால் 0. பயனர் உண்மையிலேயே 0 கேட்டாரா, குப்பையை அனுப்பினாரா என்று அழைத்தவருக்குத் தெரிய வழியில்லை. சில இயக்கிகளில் (டிரைவர்) வெளிச்சம் 0 என்றால் திரை அணைந்தே போகும். இதைவிட மோசம் மிகைப்பெருக்கம், அதாவது எண் தனக்கான இடத்தில் அடங்காமல் வழிவது. 64 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் 18446744073709551615. அதைவிட 2 கூடுதலாக, 18446744073709551617 என்று எழுதினால், எண் ஒரு சுற்று சுற்றி 1 ஆகி வந்து நிற்கும். பிழை என்று எங்கும் பதிவாகாது. இது பார்சிங்கே அல்ல. பாதியில் கைவிட்ட பார்சிங்.

இதைச் சரிசெய்ய முதலில் 'ஸ்ட்ரிக்ட்' என்று தொடங்கும் சார்புகள் வந்தன, பிறகு நீக்கப்பட்டன. 2011இல் வெளியான 2.6.39 பதிப்பிலிருந்து 'கே-ஸ்ட்ர்-டு' குடும்பம் நிலைத்தது: 'கே-ஸ்ட்ர்-டு-இன்ட்', 'கே-ஸ்ட்ர்-டு-யுஎல்', 'கே-ஸ்ட்ர்-டு-யு8' என்று ஒவ்வொரு எண்வகைக்கும் ஒன்று. பழையதைப் புதிய நிரலில் எழுதினால், கர்னல் நிரலைச் சோதிக்கும் 'செக்பேட்ச்' கருவி உடனே எச்சரிக்கும்.

புதிய குடும்பத்தின் இலக்கணம் சின்னது. முதலில் விருப்பமிருந்தால் கூட்டல் குறி. எதிர்ம எண்ணையும் ஏற்கும் குறியுள்ள வகைகளுக்குக் கழித்தல் குறியும் ஆகும். அடுத்து, இருந்தால், அடிமானத்தை (எண்முறை எத்தனை இலக்கம் கொண்டது என்பதை) காட்டும் முன்னொட்டு, இலக்கங்கள், கடைசியில் வேண்டுமானால் ஒரே ஒரு புதுவரிக் குறி, பிறகு உரையின் முடிவு. 'எக்கோ' பழக்கத்துக்காகத்தான் அந்த ஒரு புதுவரிக்கு இடம். முன்னால் ஒரு வெற்றிடம் இருந்தாலும், பின்னால் இரண்டு புதுவரி இருந்தாலும், உரை ஏற்கப்படாது. 'ஈ-இன்வால்' (22) என்ற பிழை எண் கழித்தல் குறியோடு திரும்பும். வடிவம் சரியாக இருந்து அளவு மீறினால் 'ஈ-ரேஞ்ச்' (34). தமிழ் இலக்கம் ௧ யுடிஎஃப்-8இல் 224, 175, 167 என்ற மூன்று பைட்டுகளாக வரும். அவற்றில் எதுவும் இலக்கணத்தில் இல்லாததால் அதற்கும் 'ஈ-இன்வால்'தான்.

மிகைப்பெருக்கத்தை அது கண்டுபிடிக்கும் விதம் நேர்த்தியானது. ஒவ்வொரு இலக்கத்துக்கும், இதுவரை சேர்ந்ததை அடிமானத்தால் பெருக்கி இலக்கத்தைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்த்தால் செலவு அதிகம். ஏற்கப்படும் பெரிய அடிமானம் 16. 16ஆல் பெருக்கினால் எண் 4 பிட் மேலே நகரும். ஆகவே 64 பிட்டில் மேல் 4 பிட்டும் காலியாக இருக்கும்வரை வழிய வாய்ப்பே இல்லை. அந்த நான்கில் ஏதாவது ஒன்றில் 1 வந்தபின் மட்டும் வகுத்துச் சோதிக்கிறது. சிறிய வகைகளுக்கு, 64 பிட்டில் எடுத்த மதிப்பைச் சிறிய வகைக்குக் குறுக்கி, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. இல்லையென்றால் 'ஈ-ரேஞ்ச்'. பிழை வந்தால் விடை வைக்க நீங்கள் கொடுத்த மாறியைத் தொடுவதேயில்லை. அதனால்தான் திரும்பும் மதிப்பைச் சோதிக்காமல் விட்டால் கம்பைலரே எச்சரிக்கும்படி அறிவித்திருக்கிறார்கள். சோதிக்காதவர் கையில் இருப்பது மாறியில் முன்பே கிடந்த குப்பை.

அடிமானத்தில் ஒரு பொறி இருக்கிறது. அடிமானம் 0 என்று கொடுத்தால், முன்னொட்டைப் பார்த்து அதுவே முடிவு செய்யும்: 0எக்ஸ் என்றால் பதினாறடிமானம், வெறும் 0 என்றால் எண்ணடிமானம் (எட்டு இலக்க முறை), மற்றவை பத்தடிமானம். 'பிரைட்னெஸ்' கோப்பு அப்படித்தான் படிக்கிறது. எனவே 010 என்று எழுதினால் வெளிச்சம் 8 ஆகும். 08 என்று எழுதினால் எண்ணடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லாததால் பிழை. மனிதர் கையால் எழுதும் கோப்புக்கு அடிமானம் 10 என்று வெளிப்படையாகக் கொடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

உரை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சிஸ்எஃப்எஸ் எழுதும் உரையைக் கர்னல் நினைவகத்துக்கு நகலெடுத்து, முடிவைக் காட்டும் சுழிய பைட்டையும் வைத்துத் தருகிறது. கர்னல் தகவல் தரும் 'ப்ராக்' கோப்புகளிலும் சாதனக் கோப்புகளிலும் எழுதும் சார்பை நாமே வைத்தால் கிடைப்பது பயனர் நினைவகத்தின் முகவரி மட்டும். அதை நேரடியாகப் படிக்கக் கூடாது. இரண்டு முறையும் படிக்கக் கூடாது. முதல் முறை சோதித்து, இரண்டாம் முறை பயன்படுத்துவதற்குள் இன்னொரு த்ரெட் (கூடவே ஓடும் செயலிழை) அதை மாற்றிவிடலாம். ஒரே முறை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். 'ஃப்ரம்-யூசர்' என்று முடியும் வடிவங்கள் இதைச் செய்து தருகின்றன. 32 பிட் எண்ணுக்கு அவை ஒதுக்கும் இடம் 35 பைட்: குறிக்கு 1, இரண்டடிமானத்தில் எழுதினால் 32, புதுவரிக்கு 1, முடிவுக்கு 1. அதற்கு மேல் வருவதை வெட்டிவிடும். யாராவது நாற்பது சுழியம் எழுதி அதன்பின் 5 என்று எழுதினால் சுழியங்கள் மட்டுமே உள்ளே வந்து விடை 0 ஆகும், பிழை வராது. அந்த வடிவத்தைப் பயன்படுத்துபவர் நீளத்தையும் தனியே பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

பார்சிங் முடிந்தபின் எல்லை பார்ப்பது தனி வேலை. அதற்குச் சரிபார்ப்பு என்று பெயர். வெளிச்சம் உச்ச அளவைத் தாண்டினால் மறுப்பது சரிபார்ப்பு. கிலோபைட்டில் வந்த 4194304ஐ 32 பிட் மாறியில் 1024ஆல் பெருக்கினால் 0 வரும். பார்சிங்கில் குற்றமே இல்லாமல் பெருக்கலில் வரும் ஓட்டை அது. 'செக்-மல்-ஓவர்ஃப்ளோ' போன்றவை அதற்குத்தான். எண்ணை வரிசையின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தினால், செயலியின் முன்யூகச் செயலாக்கத்தைப் பயன்படுத்தித் தகவலைக் கசியவைக்கும் ஸ்பெக்டர் தாக்குதலைத் தடுக்க 'அரே-இண்டெக்ஸ்-நோஸ்பெக்'கும் வேண்டும். எல்லாம் முடிந்து வெற்றி என்றால் எழுதும் சார்பு பெற்ற பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்ப வேண்டும். வெற்றிக்குறியான 0வையே திருப்பிவிட்டால், ஒன்றும் எழுதப்படவில்லை என்று நினைத்துச் சில நிரல்கள் மறுபடி மறுபடி எழுதிக்கொண்டேயிருக்கும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'பகுப்பாய்வு' என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. ஆனால் அனாலிசிஸுக்கும் அதே சொல்லை வைத்திருப்பதால் இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பம். 'பாகுபடுத்தல்' பொருளில் நெருங்கியதுதான், என்றாலும் பாகுபாடு என்ற நிழல் கூடவே வருகிறது. பகு என்ற வேர் லத்தீன் 'பார்ஸ்' சொல்லும் பொருளையே சொல்கிறது, பகுபதத்தையும் நினைவூட்டுகிறது. பிரித்ததோடு நிற்காமல் மதிப்பை எடுப்பதும் சேர்ந்ததால் பகுத்தெடுத்தல். 'ஸ்கேனிங்'குக்கு வருடல் போதும். உரையை வருடி மதிப்புகளை எடுக்கும் 'எஸ்-ஸ்கேன்-எஃப்' சார்பு கர்னலில் மிகைப்பெருக்கத்தைக் கண்டுகொள்வதில்லை என்பதால், வருடலையும் பகுத்தெடுத்தலையும் வேறு வேறு சொற்களில் வைத்திருப்பது நல்லது.

வழக்கு: "பயனர் உரையிலிருந்து எண்ணைப் பகுத்தெடுக்க முடியவில்லை." "இந்தப் பகுப்பி எண்ணடிமானத்தை ஏற்காது." "பகுத்தெடுத்த மதிப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்று சரிபார்க்கவும்."