திட்ட விலக்கம்: எந்தத் திட்டம், எதிலிருந்து விலக்கம்?

சராசரி 50 என்று கேட்டதும் மனதில் ஒரு படம் வந்துவிடும், ஆனால் அது பாதிப் படம்தான். 48, 49, 50, 51, 52 ஆகிய ஐந்துக்கும் சராசரி 50. 10, 30, 50, 70, 90 ஆகிய ஐந்துக்கும் அதே 50. முதல் கூட்டம் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இரண்டாவது திசைக்கொன்றாகக் கிடக்கிறது. இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணில் சொல்லத்தான் சிதறல் அளவைகள் இருக்கின்றன. அவற்றில் அதிகம் புழங்குவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது திட்ட விலக்கம்.

முதல் முறை படிக்கிறவர்கள் ‘திட்ட’ என்ற இடத்திலேயே தடுக்கி விழுகிறார்கள். ஐந்தாண்டுத் திட்டம், வீடு கட்டும் திட்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, திட்டத்திலிருந்து விலகுவது என்றுதான் பொருள் படும். இங்கே இருப்பது அந்தச் சொல்லின் வேறொரு பொருள். ‘திட்டமாகச் சொல்’, ‘திட்டவட்டமாக மறுத்தார்’ என்கிறோமே, அதில் உள்ள திட்டம்: துல்லியம், உறுதி, வரையறுத்த அளவு. ஆங்கிலச் சொல் வந்த வழியும் இதற்குப் பொருந்தித்தான் வருகிறது. ஸ்டாண்டர்ட் என்பது முதலில் போர்க்களத்தில் நட்ட கொடியைக் குறித்து, பிறகு எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்க நிறுத்திவைத்த அளவைக் குறிக்கத் தொடங்கிய சொல். டீவியேஷன் லத்தீன் வழி வந்தது, ‘வழியை விட்டு விலகுதல்’ என்று பொருள்.

விலக்கம் என்ற பாதியிலும் சிலருக்கு மனக்குறை உண்டு. வரிவிலக்கு, மதுவிலக்கு என்பவை நினைவுக்கு வருவதால், எண்ணை யாரோ தள்ளிவைத்த மாதிரி இருக்கிறது, தானாக விலகுவதற்கு ‘விலகல்’தானே சரி என்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பழகு என்பதிலிருந்து பழக்கம், பெருகு என்பதிலிருந்து பெருக்கம், உருகு என்பதிலிருந்து உருக்கம். அதே அச்சில் வார்த்ததுதான் விலகு, விலக்கம். குறை சொல்ல ஒன்றுமில்லை. இலங்கைப் பாடநூல்களில் இதையே நியம விலகல் என்று எழுதுகிறார்கள், அதுவும் நல்ல சொல்தான்; இரண்டும் ஒன்று என்று தெரிந்திருந்தால் இருபக்கத்துப் புத்தகங்களையும் தடையில்லாமல் படிக்கலாம்.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரை வைத்தவர் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். 1893இல் ஒரு விரிவுரையில் சொன்னார், 1894இல் அச்சில் வந்தது, சிக்மா என்ற கிரேக்க எழுத்தைக் குறியீடாகக் கொடுத்ததும் அவர்தான். கணக்கு அதற்கு முன்பே இருந்தது, பெயர்தான் வேறு: ஜெர்மன் கணித மேதை காஸ் அதைச் சராசரிப் பிழை என்றார். வானியலில் ஒரே விண்மீனின் இடத்தைப் பத்துத் தடவை அளந்தால் பத்து விடை வரும், அங்கே அந்த வேறுபாடு பிழைதான். பியர்சனின் 1894ஆம் ஆண்டுக் கட்டுரை எடுத்துக்கொண்டதோ நண்டுகளின் உடல் அளவுகளை. ஒரு நண்டு இன்னொன்றைவிட அகலமாக இருந்தால் அதில் யார் செய்த பிழை இருக்கிறது? பிழை என்ற சொல் போய் விலக்கம் வந்ததை நான் பெரிய முன்னேற்றமாகவே பார்க்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் கூட்டத்தில் 50லிருந்து விலக்கங்கள் -2, -1, 0, 1, 2. அப்படியே கூட்டினால் பூஜ்யம், எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் பூஜ்யம்தான், அதனால் குறியைத் தொலைக்க ஒவ்வொன்றையும் வர்க்கமாக்குகிறோம்: 4, 1, 0, 1, 4. கூட்டினால் 10, ஐந்தால் வகுத்தால் 2, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.41. இரண்டாவது கூட்டத்துக்கு இதே வேலையைச் செய்தால் 800 வந்து, மூலம் எடுக்க 28.28 ஆகிறது. கடைசியில் மூலம் எடுப்பது ஏன் என்று பலர் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி அது. சென்டிமீட்டரில் அளந்ததை வர்க்கமாக்கினால் சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும், உயரத்தைப் பற்றிப் பேசும்போது பரப்பளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூலம் எடுத்ததும் பழைய அலகுக்கே திரும்பிவிடுகிறோம். அப்புறம், கையில் இருப்பது முழுத் தொகுதி இல்லாமல் அதிலிருந்து எடுத்த ஒரு பகுதி, அதாவது மாதிரி மட்டும் என்றால் ஐந்துக்குப் பதில் நான்கால் வகுப்பார்கள், அப்போது 1.58 வரும். கால்குலேட்டரும் நீங்களும் வேறு வேறு விடை சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

பக்கத்தில் இருக்கும் சொற்களையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். வீச்சு என்பது பெரிய எண்ணில் சிறியதைக் கழித்தால் வருவது. 10, 50, 50, 50, 90 என்று எழுதினாலும் வீச்சு 80தான், நம் இரண்டாவது கூட்டத்துக்கும் 80தான். நடுவில் இருப்பவை அதன் கண்ணில் படுவதே இல்லை. திட்ட விலக்கமோ இந்தப் புதிய கூட்டத்துக்கு 25.3, இரண்டாவதற்கு 28.28 என்று பிரித்துக் காட்டிவிடும். இயற்பியலில் அலையின் நடுக்கோட்டிலிருந்து உச்சிவரை உள்ள தூரத்தையும் வீச்சு என்கிறோம், புள்ளியியலில் அது கோடியிலிருந்து கோடிவரை. பரவல் என்ற சொல்லைச் சிதறலுக்குப் பதிலாக எழுதாதீர்கள், அது நிகழ்தகவுப் பரவல் (எந்த மதிப்பு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற விவரம்) போன்ற இடங்களுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

மூலம் எடுப்பதற்கு முன் வந்த 2, 800 ஆகியவற்றுக்கும் தனிப் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் வேரியன்ஸ், 1918இல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் கொடுத்த பெயர். இலங்கையில் மாறற்றிறன். தமிழ்நாட்டுப் பாடநூலில் விலக்க வர்க்கச் சராசரி, நீளமான பெயர்தான், ஆனால் எனக்குப் பிடித்தது இதுவே: விலக்கம் கண்டுபிடி, வர்க்கமாக்கு, சராசரி எடு என்று செய்முறை முழுவதும் வரிசை மாறாமல் பெயருக்குள்ளேயே இருக்கிறது.